அம்மாவை விருந்தாளியாக்குதல்: இளவேனில் உலாவுக்கும் புதிய உணவுக்கும் ஒரு தொடக்க வழிகாட்டி

குளிர் விலகி, வெயில் இன்னும் முறுக்கேறாத சில வாரங்கள்தான் குடும்பத்தோடு வெளியே போய் உட்கார்ந்து சாப்பிட்டு வருவதற்கு உகந்த காலம். அந்த வாரங்களிலேயே அன்னையரைக் கொண்டாடும் நாளும் பல நாடுகளில் வந்துவிடுவதால், "இந்த முறை அம்மாவை எங்காவது அழைத்துப் போகலாம்" என்று பிள்ளைகள் பேசி முடிவு செய்கிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அம்மா அடுப்படியில் செய்யும் வேலை அப்படியே ஒரு மரத்தடிக்கு இடம் மாறுகிறது. அதுவும் குழாயோ மேடையோ இல்லாத மரத்தடிக்கு.

எங்கள் வீட்டில் முதல் முறை போனபோது விடியற்காலையில் எழுந்து உணவுப் பெட்டிகளை அடுக்கியவர் அம்மாதான். போன இடத்தில் கத்தி எங்கே, உப்பு எங்கே, குழந்தையின் மாற்றுச் சட்டை எங்கே என்று நாங்கள் எல்லோரும் அவரையே கேட்டோம். மாலையில் "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு, அழுக்குப் பாத்திரங்களோடு அவர் கழுவுதொட்டிக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குப் பின் நாங்கள் மாற்றிக்கொண்டவற்றையும், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றையும், இப்படியொரு உலாவை இதுவரை தாமே பொறுப்பேற்று நடத்தியிராதவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். அம்மா என்று சொல்லும் இடங்களில் பாட்டி, மாமியார், பெரியம்மா, உங்கள் குழந்தைகளின் தாயான மனைவி என யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

யோசிக்கும் வேலையை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்

இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டிய படி இது. வீட்டு வேலையில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைப் பகிர்ந்துகொள்வது எளிது. யாராவது சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க எல்லோருமே தயார்தான். கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. சமூகவியலாளர் ஆலிசன் டேமிங்கர் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் அந்தப் பகுதியை நான்காகப் பிரித்தார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கான வழிகளைத் தேடுவது, அவற்றில் ஒன்றை முடிவு செய்வது, முடிவு செய்தது நடக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பது. முடிவெடுக்கும் கட்டத்தில் கணவனும் மனைவியும் ஓரளவு சமமாகப் பங்கெடுத்தாலும், முதலாவதும் கடைசியுமான வேலைகள் பெண்கள் மீதே அதிகம் விழுவதை அவர் கண்டார்.

இதை உங்கள் உலாவோடு பொருத்திப் பாருங்கள். "அம்மா, என்னென்ன எடுத்து வைக்கணும்?" என்று கேட்பவர் உதவுவதாகத்தான் நினைக்கிறார், ஆனால் அந்தக் கேள்வியிலேயே முன்னுணரும் வேலை அம்மாவிடம் திரும்பிப் போய்விடுகிறது. ஆகவே ஒருவரை, ஒருவரை மட்டும், அந்த நாளுக்குப் பொறுப்பாளராக வையுங்கள். அம்மாவின் வழக்கமான ஒரு வெளியூர்ப் பயணத்தை மனதில் ஓட்டிப் பார்த்து, அவர் யாருக்கும் சொல்லாமல் செய்யும் காரியங்களை அந்தப் பொறுப்பாளர் ஒரு தாளில் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் எழுதிப் பார்த்தபோது வந்தவை: எல்லோருடைய மருந்து வேளை, குழந்தையின் தூக்க நேரம், குப்பை போட ஒரு பை, ஈரத்துணி, கழிப்பறை எங்கே இருக்கிறது என்ற தகவல், கிளம்பும் முன் எரிவாயு அடுப்பை அணைத்தோமா என்ற சரிபார்ப்பு. ஒரு தாள் முழுக்க நிரம்பிய பிறகுதான் அவர் ஏன் எந்த உலாவிலும் களைத்துப் போகிறார் என்பது புரிந்தது.

தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஒரு வரி கொடுக்கலாம். கைத்துடைக்கும் துணிகளை எண்ணி வைப்பது அதற்குத் தாராளமாக முடியும். அம்மாவின் பெயர் ஒரு வரியிலும் வரக்கூடாது. அவர் இதை முதலில் விரும்ப மாட்டார் என்பதையும் எதிர்பாருங்கள். பல ஆண்டுகளாகத் தாமே பார்த்துக்கொண்டவருக்கு, மற்றவர்கள் மறந்துவிடுவார்கள் என்ற கவலை இயல்பாகவே இருக்கும்; அந்தக் கவலைக்கு நம் முந்தைய நடத்தைதான் காரணம். எழுதிய தாளை அவரிடம் காட்டிவிடுவது வாக்குவாதம் செய்வதைவிட நன்றாக வேலை செய்கிறது.

நாளைக் குறித்தல்

இளவேனில் எப்போது என்பது நீங்கள் பூமியின் எந்தப் பாதியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வட பாதியில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் மார்ச் 20ஐ ஒட்டியும், தென் பாதியில் செப்டம்பர் 22 அல்லது 23ஐ ஒட்டியும் வானியல் கணக்குப்படி அது தொடங்குகிறது. அன்னையர் நாளும் எங்கும் ஒரே தேதியில் வருவதில்லை. பல அரபு நாடுகளில் இளவேனில் பிறக்கும் மார்ச் 21 அன்றும், பிரிட்டனில் கிறிஸ்தவத் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்றும், அர்ஜென்டினாவில் அங்கே இளவேனிலான அக்டோபரின் மூன்றாம் ஞாயிறன்றும் கொண்டாடுகிறார்கள். உலகின் மிகப் பல நாடுகள் பின்பற்றும் மே மாத இரண்டாம் ஞாயிறு, அமெரிக்காவில் ஆனா ஜார்விஸ் என்ற பெண் தன் தாயின் நினைவாக 1908ஆம் ஆண்டு மே 10 அன்று ஏற்பாடு செய்த ஒரு தேவாலய வழிபாட்டிலிருந்து வளர்ந்தது. 1914இல் அது அந்நாட்டின் அதிகாரபூர்வமான நாளாயிற்று.

ஜார்விஸ் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த நாளின் ஆங்கிலப் பெயரை ஒருமையில்தான் எழுத வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். உலகத் தாய்மார் அனைவருக்குமான பொதுவிழாவாக அல்லாமல், ஒவ்வொருவரும் தம் தாய் ஒருவரை மட்டும் நினைக்கும் நாளாக அது இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நாம் அதைத் தமிழில் "அன்னையர் தினம்" என்று பன்மையில் ஆக்கிவிட்டோம். அந்த நாள் வாழ்த்து அட்டைக்கும் பூவுக்கும் இனிப்புக்குமான வணிகமாக மாறியபோது, அதைத் தொடங்கி வைத்த அவரே அதற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார்.

நடைமுறைக்கு வருகிறேன். அன்னையர் தினத்தன்றே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என்னைக் கேட்டால் அன்று போகாமல் இருப்பதே நல்லது. உணவகங்களிலும் பூங்காக்களிலும் கூட்டம் நெரியும், மேசைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும், சமையலறை அவசரத்தில் இயங்கும். அதற்கு முந்தைய அல்லது பிந்தைய வாரத்தில் ஒரு நாளை அம்மாவின் வசதிப்படி தேர்ந்தெடுங்கள். மாற்று நாள் ஒன்றையும் அப்போதே குறித்துவிடுங்கள், ஏனெனில் இளவேனில் வானிலை காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக மாறும் தன்மையுடையது.

வீட்டில் யாருக்காவது மகரந்த ஒவ்வாமை இருந்தால் இன்னும் சற்றுக் கவனம் வேண்டும். பல இடங்களில் இளவேனிலின் தொடக்கத்தில் மரங்களின் மகரந்தமும், பிற்பகுதியில் புற்களின் மகரந்தமும் காற்றில் அதிகமாகும். காய்ந்து காற்றடிக்கும் நாளில் அது நெடுந்தூரம் பரவும். மழை பெய்து ஓய்ந்த பின் காற்று பெரும்பாலும் தெளிந்திருக்கும். மற்றொன்று வெயில். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் சுடவில்லை என்று ஏமாந்துவிடுவோம். தோலைப் பாதிக்கும் புறஊதாக் கதிர்களுக்கும் காற்றின் வெப்பத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. வானிலை அறிவிப்பில் புறஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் தொப்பி, நிழல், தோல்காப்புக் களிம்பு மூன்றும் வேண்டும். களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும்.

இடம்

அழகான இடத்தைவிட வசதியான இடமே முக்கியம் என்பதால் இதை நீட்டப் போவதில்லை. வண்டியை விட்டு இறங்கும் இடத்திலிருந்து உட்காரும் இடம் வரை அம்மாவால் மூச்சிரைக்காமல் நடக்க முடிய வேண்டும். கழிப்பறை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத இடங்களில் பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் நாளைக் கழித்துவிடுகிறார்கள், அதை யாரிடமும் சொல்வதும் இல்லை. பாய் விரித்துத் தரையில் உட்காருவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தண்டனை, ஆகவே முதுகு சாயும் மடக்கு நாற்காலி ஒன்றாவது எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் பொறுப்பாளர் மட்டும் முந்தைய வாரமே ஒரு நடை போய்ப் பார்த்து வருவது நல்லது. மதிய வேளையில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை வரைபடம் சொல்லாது.

அம்மாவின் நாக்கைத் தெரிந்துகொள்ளுதல்

"அம்மா, உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு எதுவானாலும் சரி" என்ற பதில்தான் வரும். அது பணிவு என்று நாம் நினைக்கிறோம். பல நேரங்களில் அது உண்மையாகவே அவருக்குத் தெரியாததால் வரும் பதில். கணவருக்குப் பிடித்தது, பிள்ளைக்குப் பிடித்தது, வீட்டில் மிஞ்சியது என்ற வரிசையில் பல ஆண்டுகள் சாப்பிட்டவருக்குத் தமக்குப் பிடித்தது எது என்று யோசிக்கும் சந்தர்ப்பமே வாய்த்திருக்காது. "தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு" என்று நாம் சொல்லும் பழமொழியை வழக்கமாகப் பங்கு பிரிக்கும் சண்டைகளில்தான் எடுத்து வீசுகிறோம். அதை அதன் நேர்ப்பொருளில், அம்மாவுக்கென்று ஒரு தனி நாக்கு இருக்கிறது என்பதை நினைவூட்ட, இங்கே எடுத்துக்கொள்ளலாம்.

நேரடிக் கேள்விக்குப் பதிலாக மூன்று வழிகளை நான் பரிந்துரைப்பேன். முதலாவது, பழைய கதையைக் கேட்பது. சிறுமியாக இருந்தபோது பள்ளி விட்டு வந்ததும் என்ன சாப்பிட்டார், யார் வீட்டுச் சமையலுக்கு ஏங்கினார், முதல் சம்பளத்தில் என்ன வாங்கித் தின்றார் என்று கேட்டால், இனிப்பா புளிப்பா, மொறுமொறுப்பா குழைவா என்ற நாட்டம் அந்தக் கதைகளுக்குள்ளேயே வந்துவிடும். இரண்டாவது, கவனிப்பது. பல பதார்த்தங்கள் உள்ள ஒரு தட்டில் அவர் கை முதலில் எதை நோக்கிப் போகிறது, எதைக் கடைசி வாய்க்காக ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறார் என்று இரண்டு மூன்று வேளை பார்த்தால் போதும். மூன்றாவது, கேள்வியைச் சுருக்குவது, "என்ன வேண்டும்?" என்பதற்குப் பதிலாக "காரமாக ஒன்று, புளிப்பாக ஒன்று இருக்கிறது, எது?" என்று கேட்டால் பதில் வரும்.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு மணத்துடையது. உணவை மெல்லும்போது வாயின் பின்பக்க வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான் ஒரு பழத்தை இன்னொரு பழத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு மோப்ப உணர்வு மெல்ல மங்குகிறது. "இப்போதெல்லாம் எதிலும் ருசியே இல்லை" என்று முதிய தாய் சொன்னால் சமைத்தவர் மனம் கோணத் தேவையில்லை. உப்பைக் கூட்டாமல், மூலிகைத் தழை, எலுமிச்சைச் சாறு, வறுத்த விதை என்று மணத்தையும் மொறுமொறுப்பையும் கூட்டிப் பாருங்கள்.

புதிய உணவைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கநிலையில் செய்யும் பெரிய தவறு, புதுமை என்று முடிவு செய்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகவே கொண்டுபோவது. எல்லாம் புதிதாக இருந்தால் குழந்தைகள் பட்டினி கிடப்பார்கள், பெரியவர்கள் மரியாதைக்கு விழுங்குவார்கள், அம்மா எழுந்து எல்லோருக்கும் வேறு ஏதாவது தயார் செய்யப் பார்ப்பார். ஒரு வேளைக்கு ஒரு புதிய பொருள் போதும். அதன் இருபுறமும் எல்லோருக்கும் பழகிய இரண்டு உணவுகள் இருக்கட்டும். அந்தப் புதிய ஒன்றும் முற்றிலும் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை: தெரிந்த காயைத் தெரியாத முறையில் சமைப்பது, தெரியாத பழத்தைத் தெரிந்த தயிரோடு கலப்பது என்று ஒரு கால் பழகிய தரையில் இருந்தால் மறு காலை எடுத்து வைக்கும் துணிவு வரும்.

புதிய உணவைக் கண்டு குழந்தை முகம் சுளிப்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரியாத உணவுக்கு அஞ்சும் இந்த இயல்பு ஏறக்குறைய இரண்டு வயது முதல் ஆறு வயது வரை உச்சத்தில் இருக்கிறது. நடக்கத் தொடங்கிய குழந்தை கண்டதையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் காப்பதற்கு இயற்கை வைத்த தடுப்பு அது என்று விளக்குபவர்கள் உண்டு. கசப்பு விஷயத்தில் இந்தத் தயக்கம் இன்னும் கூர்மையாக இருக்கும், ஏனெனில் நச்சுள்ள தாவரங்கள் பல கசப்பானவை. ஒரே உணவைச் சிறுசிறு அளவில் 8 முதல் 15 முறை வரை பார்த்தும் தொட்டும் நக்கியும் பழகிய பிறகே பல குழந்தைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே உங்கள் உலா அந்த வரிசையில் ஒரு முறை மட்டுமே. அன்றே பிடித்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெரியவர் முடிவு செய்ய, சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும் என்று ஊட்டச்சத்து வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த பிரிவினை இங்கே நன்றாகப் பொருந்தும். "ஒரு வாய் தின்றால் இனிப்பு தருவேன்" என்ற பேரம் குறுக்குவழிபோலத் தோன்றினாலும், புதிய உணவு ஒரு தண்டனை என்பதையே அது குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிறது.

தாய்க்கும் சுவைக்கும் உள்ள தொடர்பில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கருவிலிருக்கும் குழந்தை விழுங்கும் பனிக்குட நீரிலும், பின்னர் தாய்ப்பாலிலும், தாய் உண்ட உணவின் மணம் கலக்கிறது. ஜூலி மெனெல்லாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலத்திலோ பாலூட்டும் காலத்திலோ காரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பின்னாளில் காரட் மணமுள்ள தானியக் கூழை உண்ணும்போது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தன. நமக்கு "இயல்பாகவே பிடித்த" சில உணவுகளை நமக்கு முதலில் அறிமுகம் செய்தவர் அம்மாதான், அதுவும் நாம் பல் முளைப்பதற்கு வெகு முன்பே. அவருக்கு ஒரு புதிய சுவையை அறிமுகம் செய்யும் முறை இப்போது நமக்கு வருகிறது.

அந்த அறிமுகத்தைப் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும் என்பதால், வாங்குவதற்கு முன் சிலவற்றைச் சரிபாருங்கள். ஒவ்வாமையை அதிகம் தூண்டுபவை பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், கோதுமை, சோயா, எள் ஆகியவை. பொட்டலத்தில் உள்ள பட்டியலை முழுவதும் படித்துவிடுங்கள், உணவகமானால் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். சிலருக்கு இளவேனிலில் ஒரு விசித்திரமான தொல்லை வரும்: சில மரங்களின் மகரந்தம் ஒவ்வாதவர்கள் ஆப்பிள், செர்ரி, காரட் போன்றவற்றைப் பச்சையாகத் தின்றால் உதடும் தொண்டையும் அரிக்கும், ஏனெனில் இரண்டிலும் உள்ள புரதங்கள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கின்றன. சமைத்தால் அந்தப் புரதம் பெரும்பாலும் சிதைந்துவிடுவதால் அதே பழத்தை வேகவைத்து உண்ணும்போது பலருக்குத் தொல்லை வருவதில்லை. ஆனால் மூச்சு முட்டுதல், தொண்டை அல்லது நாக்கு வீங்குதல், தலைசுற்றி விழுதல் என்று எது வந்தாலும் அது அவசரநிலை. கடும் ஒவ்வாமைக்கு உடனே போட்டுக்கொள்ளும் எபிநெஃப்ரின் ஊசி மருத்துவரால் பரிந்துரைக்கப்பட்டவர் அதை வண்டியில் விட்டுவிடாமல் கையோடு வைத்திருக்க வேண்டும்.

மருந்து சாப்பிடும் தாய்மார் விஷயத்தில், புதிய பழம் என்று ஆசையாக வாங்கித் தருவதற்கு முன் ஒரு கணம் நிதானியுங்கள். கிரேப்ஃப்ரூட் என்ற, எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த கசப்புப் பழம் கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளின் அளவை உடலில் மிகையாக்கிவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு நட்சத்திரப் பழம் ஆபத்தானது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று அதிகமாக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சாத பாலும் அதில் செய்த பாலாடைக்கட்டியும் வேகாத மீனும் வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் துளிகூடக் கொடுக்கக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைகளைத் தவிர்த்து, திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

கட்டுச்சோற்றைக் கட்டுதல்

உணவில் கிருமிகள் விரைந்து பெருகும் வெப்பநிலை 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை. சமைத்த உணவும் நறுக்கிய பழமும் இந்த எல்லைக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வெளியே 32 பாகைக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் மீதி எல்லாம் பொது அறிவு. குளிர்ந்தது குளிர்ந்தபடியும் சூடானது சூடானபடியும் போக வேண்டும், இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. தண்ணீர்ப் போத்தல்கள் சிலவற்றை முந்தைய இரவே உறையவைத்துக் குளிர்காப்புப் பெட்டியில் அடுக்கினால் அவையே பனிக்கட்டியாகவும் பின்னர் குடிநீராகவும் உதவும். உறையும்போது நீர் விரிவதால் போத்தலின் கழுத்து வரை நிரப்பாதீர்கள். பானங்களுக்குத் தனிப் பெட்டி வையுங்கள், ஏனெனில் குழந்தைகள் அதைத்தான் அடிக்கடி திறப்பார்கள். பெட்டி நிறைந்திருந்தால் குளிர்ச்சி அதிக நேரம் தங்கும்.

உணவுத் தேர்வில் என் கருத்து, கையால் எடுத்து உண்ணக்கூடியவையாக முக்கால் பங்கு இருக்கட்டும் என்பது. குழம்பும் கரண்டியும் வந்துவிட்டால் பரிமாறுபவர் ஒருவர் வந்துவிடுவார், அவர் யாராக இருப்பார் என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் சமைத்துப் பழகாதவர்களானால் சாதாரணமான இரண்டு உணவுகளைச் சரியாகச் செய்யுங்கள்; வாங்கிச் சென்றாலும் குறையொன்றும் இல்லை. அம்மாவின் கைப்பக்குவம் வராதே என்று வருந்துவது அவரையே மறுபடி அடுப்படிக்கு அழைப்பதற்கான அழகான சாக்கு.

அந்த நாளில்

கிளம்பும் நேரத்தைப் பசியை வைத்துக் கணக்கிடுங்கள். புதிய சுவையை வரவேற்க வேண்டுமானால் பசி இருக்க வேண்டும், ஆனால் பசி முற்றி எரிச்சல் வரும் அளவுக்குப் போகக் கூடாது. சேர்ந்தவுடன் கைகழுவி, முதல் தட்டை அம்மாவிடம் கொடுங்கள். இது சிறிய விஷயம்போலத் தோன்றும். எல்லோருக்கும் வைத்த பிறகு தமக்கு வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ள ஒருவர், சூடாக இருக்கும்போதே முதல் வாய் சாப்பிடுவது எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்று எண்ணிப் பார்த்தால் அதன் எடை புரியும். அவர் எழுந்தால், எதற்காக எழுந்தார் என்று கேட்டு அதை வேறொருவர் செய்ய வேண்டும்.

பழகிய உணவில் நாலு வாய் போன பிறகு புதியதைத் திறவுங்கள். முதலில் மணம் பார்க்கட்டும், பிறகு ஒரு தேக்கரண்டி அளவு. பல புதியவை இருந்தால் மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதற்குப் போக வேண்டும், ஏனெனில் காரமோ கடும்புளிப்போ முதலில் வந்தால் அடுத்ததன் நுட்பம் நாக்குக்குத் தெரியாது. குளிர்ந்த நிலையில் இனிப்பு மங்கித் தெரியும் என்பதால் பெட்டியிலிருந்து எடுத்த பழத்தைச் சில நிமிடங்கள் வெளியே வைத்துவிட்டுக் கொடுங்கள். கசப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்பு அதை அடக்கும். காரம் ஏறிவிட்டால் தண்ணீர் பயன்படாது, மிளகாயின் காரப்பொருள் நீரில் எளிதில் கரையாது. பாலோ தயிரோ ஒரு மடக்கு குடிப்பதே பலன் தரும்.

நாக்கு உணரும் அடிப்படைச் சுவைகளாக அறிவியலாளர் இன்று கொள்பவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்து. கடைசியானதைக் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டியவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா. ஆண்டு 1908, ஜார்விஸ் தன் தாய்க்காக வழிபாடு நடத்திய அதே ஆண்டு. பழுத்த தக்காளியிலும் காளானிலும் முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் அந்தச் சுவை இருக்கிறது. "இது ஐந்தில் எது?" என்று ஒரு விளையாட்டாகக் கேட்டால், பிடித்திருக்கிறதா இல்லையா என்ற நெருக்கடியான கேள்வியிலிருந்து குழந்தைகளும் பெரியவர்களும் தப்பித்து, உண்மையிலேயே சுவையைக் கவனிக்கத் தொடங்குவார்கள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர் அதைத் துப்பவும் உரிமை உண்டு. அவர் சிரமப்பட்டுச் சிரிக்க வேண்டிய நிலையை உருவாக்காதீர்கள்.

சுற்றுப்புறத்தில் முளைத்திருக்கும் எதையும் புதிய உணவாகக் கருத வேண்டாம். குறிப்பாகக் காளான்: மிகக் கொடிய வகையான சாக்காளானின் நஞ்சு சமைத்தாலும் அழியாது, உண்டு பல மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும், அதற்குள் கல்லீரல் பாதிக்கப்படத் தொடங்கியிருக்கும். இனிப்புப் பானக் குவளைகளுக்கு மூடி போடுங்கள், உள்ளே விழுந்த குளவி தெரியாமல் வாய்க்குள் போனால் தொண்டையில் கொட்டிவிடும். உயர்ந்த புல்லில் நடந்தவர்கள் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களைப் பார்க்க வேண்டும்; ஒட்டியிருந்தால் எண்ணெயோ நெருப்போ வைக்காமல், கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, சீராக இழுத்தெடுங்கள்.

ஒளிப்படம் எடுக்கும் வேலையும் தாளில் ஒரு வரியாக இருக்கட்டும். பல குடும்பங்களின் ஒளிப்படத் தொகுப்பில் அம்மா இருக்கமாட்டார், எடுத்தவர் அவர்தான் என்பதால்.

திரும்பிய பிறகு

அன்றைய நாளின் பலன் முழுவதும் வீட்டு வாசலில்தான் தீர்மானமாகிறது. களைப்போடு திரும்பி எல்லோரும் சாய்ந்துகொள்ள, அழுக்குப் பெட்டிகள் மேடையில் கிடந்தால், அம்மாவின் கால்கள் தாமாக அங்கே போய்விடும். ஆகவே கழுவும் பொறுப்புள்ளவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக அங்கே போக வேண்டும். ஒருவர் கழுவ இன்னொருவர் துடைத்தால் அரை மணி நேர வேலை. இரண்டு மணி நேரக் கணக்கைத் தாண்டிய மிச்சத்தை மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள், ஏனெனில் "வீணாக்க வேண்டாம்" என்று அதை மறுநாள் சாப்பிடப் போகிறவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். இரவு உணவுக்கு எளிய ஏற்பாடு ஒன்றை முன்கூட்டியே செய்து வையுங்கள். உலா போய்வந்த நாளிலும் இரவு வரும் என்பதை முதல் ஆண்டு நாங்கள் மறந்துவிட்டோம்.

அன்றிரவே, மறப்பதற்குள், அந்தப் பழைய தாளின் பின்புறத்தில் மூன்று செய்திகளை எழுதிவிடுங்கள்: எதை எடுத்துச் செல்ல மறந்தோம், புதிய உணவை யார் எப்படி ஏற்றுக்கொண்டார்கள், அம்மா தாமாகவே இரண்டாம் முறை கேட்டு வாங்கியது எது. முதல் இரண்டும் அடுத்த உலாவுக்கு. மூன்றாவதை அடுத்த வாரமே வீட்டில் ஒரு நாள் சமைத்துப் பாருங்கள். அன்றும் முதல் தட்டு அவருக்கே போகட்டும்.